அளந்து ஊற்றுகிறேன்: லைட் பீர் பற்றி வாசகர் கேள்விகள்

வெயில் காலம் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் காப்பியும் டீயும் பின்னுக்குப் போய், பீர் முன்னால் வந்து நின்றுவிடும். இந்த முறை லைட் பீர், அதாவது கலோரி குறைத்து வடித்த பீர் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் தூத்துக்குடிக்காரன், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் ஓட்டல் பார் ஒன்றில் பல வருஷம் ஊற்றிக் கொடுத்து, அப்புறம் அதே பாரை நிர்வாகம் பண்ணி ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரி இங்கே மருத்துவமனையில் டயட்டீஷியன். ஊற்றுகிற சங்கதியெல்லாம் என் பொறுப்பு. கலோரிக் கணக்கெல்லாம் அவள் பார்த்துத் தந்தது. குடிக்காதவர்களைக் குடிக்க வைக்கிற பகுதி இல்லை இது. குடிக்கிறவர்கள் டம்ளரில் என்ன இருக்கிறது என்று தெரிந்து குடிக்கட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணாச்சி, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். பட்வைசரை விட்டு மில்லர் லைட்டுக்கு மாறினேன். மாதங்கள் ஓடிவிட்டன, எடை அப்படியேதான் இருக்கிறது. லைட் என்று போட்டு ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், டாலஸ்

ஏமாற்றவில்லை தம்பி. எல்லாக் கணக்கையும் கேனிலேயே போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

12 அவுன்ஸ் கேன், அதாவது 355 மில்லி. சாதா பட்வைசரில் 145 கலோரி, கார்போஹைட்ரேட் 10.6 கிராம், ஆல்கஹால் 5 சதவீதம். மில்லர் லைட்டில் 96 கலோரி, கார்போஹைட்ரேட் 3.2 கிராம், ஆல்கஹால் 4.2 சதவீதம். கார்போஹைட்ரேட் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் கலோரி பாதியாகக்கூட ஆகவில்லை. ஏன்?

பீரில் இருக்கும் கலோரியில் பெரிய பங்கு ஆல்கஹாலுடையது. ஒரு கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு 4 கலோரி, ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7. மில்லர் லைட் கேனில் கிட்டத்தட்ட 11.8 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஏழால் பெருக்குங்கள், 82 வரும். மிச்சம் இருக்கிற பத்துப் பதினாலு கலோரிதான் கார்போஹைட்ரேட்டும் துளி புரதமும். அதாவது அந்த 96-இல் 85 சதவீதம் ஆல்கஹால்தான். அதில் அவர்கள் குறைத்தது கொஞ்சமே. நிறையக் குறைத்தது கார்போஹைட்ரேட்டை. விளம்பரத்தில் எதைப் பெரிதாகப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கேனுக்கு 49 கலோரி மிச்சம். தினம் ஒரு கேன் குடிப்பவருக்கு மாதம் சுமார் 1,470 கலோரி மிச்சமாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி என்று வீட்டுக்காரி சொல்கிறாள். ஆக, மாதத்துக்கு 200 கிராம்கூடத் தேறாது. அதுவும், மற்ற எல்லாம் அப்படியே இருந்தால். ஒரு நாளைக்கு எத்தனை கேன் என்று நீங்கள் எழுதவில்லை. பாரில் நின்றவனுக்கு அந்த மௌனம் பழக்கம். லைட்தானே என்று இன்னொன்றை உடைத்தீர்கள் என்றால் மிச்சம் பிடித்தது அங்கேயே போயிற்று. பக்கத்தில் மிக்சர் கிண்ணம் இருக்கிறதா? 30 கிராம் மிக்சரிலேயே 150 கலோரி வந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். உடம்பு ஆல்கஹாலைச் சேமித்து வைக்காது. உள்ளே வந்தால் முதலில் அதை எரித்துத் தீர்க்கப் பார்க்கும். அது தீரும் வரை கொழுப்பை எரிக்கும் வேலை ஒத்திப்போகும். லைட் பீருக்கும் இதே கதைதான்.

எடை குறைய வேண்டுமென்றால் கேனின் பெயரை மாற்றுவதைவிட எண்ணிக்கையைக் குறையுங்கள். அளவையும் கவனியுங்கள். இங்கே பாரில் பைண்ட் என்றால் 16 அவுன்ஸ். லைட் பீரே 128 கலோரி ஆகிவிடும். பெட்ரோல் பங்க் கடையில் நிற்கிறதே 24 அவுன்ஸ் கேன், அதில் 192. சாதா பட்வைசர் ஒரு கேனைவிட அது அதிகம்.

கேள்வி: லைட் பீர் என்பது சாதா பீரில் தண்ணீர் கலந்ததுதானே? என் ரூம்மேட்டோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.
— மாணவர், நேப்பர்வில்

பந்தயத்தில் உங்களுக்குப் பாதிக் காசுதான் கிடைக்கும்.

பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஆனால் எல்லா மாவுச்சத்தும் முழுசாக உடையாது. டெக்ஸ்ட்ரின் என்று கிளை கிளையாக நிற்கும் துண்டுகள் மிஞ்சும். ஈஸ்ட்டுக்கு அதைத் தின்னத் தெரியாது. சாதா பீர் நாக்கில் கொஞ்சம் கனமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பத்து கிராம் கார்போஹைட்ரேட்டில் பெரும்பகுதி அதுதான்.

ஜோசப் ஓவேட்ஸ் என்று ஓர் உயிர்வேதியியலாளர். நியூயார்க்கில் ரைன்கோல்ட் மதுவடிப்பாலையில் வேலை பார்த்தவர். மிஞ்சி நிற்கும் அந்த டெக்ஸ்ட்ரினையும் வெட்டித்தள்ளும் நொதி ஒன்றைப் பீர் வடிப்பில் சேர்த்தார். குளூக்கோஅமைலேஸ் என்று பெயர். அதன்பின் ஈஸ்ட்டுக்கு மிச்சம் வைக்க எதுவுமில்லை, எல்லாவற்றையும் தின்றுவிடும். 1967-இல் கேப்லிங்கர்ஸ் டயட் பீர் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. விற்கவில்லை. பீர் குடிக்க வருகிறவனிடம் டயட் என்று சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான், எந்த பார்க்காரனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

இந்த வழி சிகாகோவில் மைஸ்டர் பிராவ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் லைட் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கம்பெனி நொடிக்க, 1972-இல் எங்கள் ஊர் மில்லர் அந்தப் பெயர்களை வாங்கியது. 1975-இல் நாடு முழுக்க மில்லர் லைட் வந்தது. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களை, ஆள் பார்க்க வாட்டசாட்டமானவர்களாகத் தேடிப்பிடித்து, விளம்பரத்தில் சண்டை போட வைத்தார்கள். ருசி நல்லாயிருக்கு என்று ஒரு கட்சி, வயிறு உப்பவில்லை என்று ஒரு கட்சி. எடை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அங்கேதான் ஜெயித்தார்கள். 1978-இல் கூர்ஸ் லைட், 1982-இல் பட் லைட், 2002-இல் மிக்கலோப் அல்ட்ரா என்று மற்றவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

இப்போது தண்ணீர். எல்லாச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றால் ஆல்கஹால் ஏறும்தானே? அதை 4.2-க்குக் கொண்டுவர, ஆரம்பத்திலேயே மால்ட்டைக் குறைத்துப் போடலாம், இல்லை கடைசியில் தண்ணீர் சேர்த்து இறக்கலாம். பெரிய ஆலைகள் கெட்டியாக வடித்துப் பிறகு தண்ணீர் சேர்ப்பது சாதா பீருக்கும் உள்ள வழக்கம்தான். ஆக, தண்ணீர் உண்டு. ஆனால் முடிந்துபோன சாதா பீரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் லைட் பீர் வராது. டெக்ஸ்ட்ரின் அங்கேயேதான் இருக்கும். ரூம்மேட்டிடம் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லைட் பீரில் கார்ன் சிரப், அதான் மக்காச்சோளப் பாகு, இருக்கிறதாமே? என் கணவர் கோக்கை விட்டதே அதற்காகத்தான்.
— வாசகி, கேரி, வட கரோலினா

அந்தப் பேச்சு 2019-இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது வந்த பட் லைட் விளம்பரத்தோடு பரவியது. அதில் பட் லைட் ராஜா ஒருவர், தப்பாக வந்துசேர்ந்த கார்ன் சிரப் பீப்பாயை மில்லர் லைட் கோட்டைக்கும் கூர்ஸ் லைட் கோட்டைக்கும் தூக்கிக்கொண்டு போவார். மில்லர் தரப்பு வழக்குப் போட்டது. கடைசியில் 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட் லைட் பக்கம் நின்றது. சேர்மானப் பட்டியலில் நீங்களே எழுதியிருப்பதை அவர்கள் சொன்னால் என்ன தப்பு என்கிற மாதிரி.

விஷயம் இதுதான் அம்மா: அந்தச் சிரப் ஈஸ்ட்டுக்குப் போடும் தீனி. பட் லைட் அதே இடத்தில் அரிசி போடுகிறது. இரண்டையும் ஈஸ்ட் தின்றுவிடும், கேனுக்கு வருவது ஆல்கஹால். கோக்கில் இருப்பது இனிப்புக்காகச் சேர்க்கும் ஹை ஃப்ரக்டோஸ் சிரப், அது வேறு. உங்கள் கணவர் பயப்பட வேண்டியது சிரப்புக்கு அல்ல.

கேள்வி: மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். சாயங்காலம் ஒரு பீர் கேட்கிறார். லைட் பீரில் சர்க்கரை இல்லை என்று தைரியமாகக் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்றவர், எடிசன்

இதை நான் தொடவில்லை, வீட்டுக்காரி சொன்னதை எழுதுகிறேன்.

சர்க்கரை ஏறுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சில மாத்திரைக்காரர்களுக்கு ஆபத்து அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து அனுப்பும். ஆல்கஹால் உள்ளே இருந்தால் கல்லீரல் அதை உடைப்பதில் மூழ்கிவிடும், சர்க்கரை தயாரிப்பு தடைபடும். இன்சுலின் போடுகிறவர், கிளைமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் பீர் குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். உடனே இல்லாமல் சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம். லைட் பீரில் கார்போஹைட்ரேட் கம்மி என்பதால் தாங்கிப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. இன்னும் மோசம், வியர்வை, தடுமாற்றம், நாக்குக் குழறல் எல்லாம் சர்க்கரை இறங்கியதற்கும் அடையாளம், போதைக்கும் அடையாளம். வீட்டில் இருப்பவர்கள் "மாமாவுக்கு ஏறிடுச்சு, படுக்க வையுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் தனியாக உண்டு.

அதனால் முதல் வேலை, என்ன மாத்திரை என்று பார்த்து அவருடைய மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். ஊரில் இருக்கும் மருத்துவர் என்றாலும் பரவாயில்லை. அவர் சரி என்றால் மட்டும், சாப்பாட்டோடு, கொஞ்சம். படுக்கும் முன் சர்க்கரை பாருங்கள்.

இனி என் பக்கம். விஸ்கான்சினில் ப்ளடி மேரி என்ற வோட்கா, தக்காளிச்சாறு காக்டெயில் கேட்டால் பக்கத்திலேயே சின்ன டம்ளரில் பீர் வரும், ஸ்னிட் என்பார்கள். நாலு மிடறு இருக்கும். முழுக் கேனைக் கையில் கொடுத்துவிட்டு "பாதி குடிங்க மாமா" என்று சொன்னால் எந்த மாமனாரும் கேட்கமாட்டார். சின்ன டம்ளரில் ஊற்றி, தட்டோடு வைத்து, கேனை உள்ளே எடுத்துப் போய்விடுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கினால் பின்னால் இருக்கும் எண்களைப் படியுங்கள். ஹைனகன் 0.0 பாட்டில் 330 மில்லியில் 69 கலோரிதான், ஆனால் அந்தக் கலோரி பெரும்பாலும் கார்போஹைட்ரேட். மில்லர் லைட்டில் இருப்பதைவிட அது அதிகம். சர்க்கரைக்காரருக்கு அதுவும் கணக்கில் வரும்.

கேள்வி: ஜூலை 4-க்கு வீட்டில் பார்பிக்யூ. லைட் பீர் எப்படிப் பரிமாறுவது? ஃப்ரீசரில் வைத்த மக் வேண்டுமா? கேனோடு கொடுத்தால் போதாதா?
— வாசகர், பிளேன்ஸ்பரோ

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

முதலில் குளிர். லைட் பீரை 3, 4 டிகிரி செல்சியஸில் கொடுக்க வேண்டும். பார்களில் பீப்பாய் அறையை 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைப்பது அதற்காகத்தான். குளிர் நாக்கை மரக்கச் செய்யும். ருசி குறைவாக இருப்பதும் தெரியாது. ஏல், ஸ்டவுட் மாதிரி ருசி கனமான பீர் வகைகளை இவ்வளவு குளிரவைத்தால் பாவம். லைட் பீரைச் சூடேறவிட்டால்தான் பாவம். அதில் மறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கூர்ஸ் லைட் கேனில் மலைப்படம் குளிர்ந்தால் நீலமாகும். விளம்பர வித்தைதான், ஆனால் கூலர் என்கிற ஐஸ் பெட்டியைத் துழாவும்போது உதவும்.

ஃப்ரீசரில் கேனை வைத்துவிட்டு மறக்காதீர்கள். 4 சதவீதப் பீர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி தாண்டினாலே உறைய ஆரம்பிக்கும். கேன் வீங்கும், வெடிக்கும். அதற்குப் பதிலாகக் கூலரில் ஐஸ் கொட்டித் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் கேனைச் சுற்றி எங்கும் குளிர் படும். ஒரு பிடி உப்பும் போட்டால் இன்னும் வேகம். ஊரில் "கூலிங்கா குடு" என்று கேட்பவர்களெல்லாம் இதைப் பார்த்தால் மகிழ்வார்கள்.

ஃப்ரீசர் மக் எனக்குப் பிடிக்காது. உள்சுவரில் படிந்த பனி உருகிப் பீரில் கலக்கும். ஏற்கெனவே மெல்லியதில் மேலும் தண்ணீர். பனித்துகள் பட்டதும் நுரை பொங்கி வழியும். ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாசனை வேறு மக்கில் ஏறியிருக்கும். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடு ஊற்றுங்கள், அது போதும்.

கிளாஸ் சுத்தம் முக்கியம். நம் வீட்டில் அதே ஸ்பாஞ்சில்தான் மோர்க்குழம்புப் பாத்திரமும் தேய்ப்போம், கிளாஸும் தேய்ப்போம். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை நிற்காது. ஊற்றியபின் கிளாஸின் பக்கவாட்டில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் அழுக்கு என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில், குடிக்கக் குடிக்க நுரை உள்சுவரில் வளையம் வளையமாகப் படியும். பாரில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், காக்டெயில் எல்லாம் பிறகு.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி வரை ஓரமாக விடுங்கள். அப்புறம் நிமிர்த்தி நடுவில் ஊற்றி இரண்டு விரல் நுரை எழுப்புங்கள். நம்மவர்கள் நுரையைக் கண்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். நுரை வந்தால் வாயு கிளாஸிலேயே வெளியேறுகிறது. நுரையே இல்லாமல் ஊற்றிக் குடித்தால் அந்த வாயு வயிற்றுக்குள் போய் விரிந்து, பர்கருக்கு இடமில்லாமல் பண்ணிவிடும். கேனோடு குடிக்கும்போது வயிறு உப்புவதற்கும் இதுதான் காரணம். லைட் பீரில் நுரை சீக்கிரம் அடங்கும், அதனால் ஊற்றியதும் கொடுத்துவிடுங்கள்.

கேனோடு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஜக்கில் கொடுக்காதீர்கள். ஜக்கிலிருந்து ஊற்றிக்கொள்பவர் எவ்வளவு குடித்தோம் என்று எண்ணுவதில்லை. 60 அவுன்ஸ் ஜக் என்றால் அதில் ஐந்து கேன் இருக்கிறது.

கேள்வி: வெயிலில் வைத்த பாட்டில் ஒன்றில் நாற்றம் அடித்தது. கெட்டுப்போனதா?
— வாசகர், ஆஸ்டின்

வெளிச்சம் பட்டது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூ தரும் கசப்புப் பொருள் ஒளி பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாக மாறும். ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத் திரவத்தில் இருப்பதன் சொந்தக்காரன். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் ஒளியைத் தடுப்பதில்லை, பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், கேனில் பிரச்சினையே இல்லை. நேர் வெயிலில் சில நிமிடம் போதும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எதற்கு? கேன் வாங்குங்கள்.

கேள்வி: ஜிம் முடித்துவிட்டு லைட் பீர் குடித்தால் புரதமும் வைட்டமினும் கிடைக்கும் என்கிறான் நண்பன்.
— வாசகர், சியாட்டில்

ஒரு கேனில் புரதம் ஒரு கிராமுக்கும் கீழே. பி வைட்டமின் துளித்துளி. நண்பனிடம் ஒரு முட்டை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கருப்பாக இருக்கும் கின்னஸ்தான் உலகத்திலேயே கனமான பீர், சரியா?
— வாசகர், ஜெர்சி சிட்டி

இல்லை. 12 அவுன்ஸ் கின்னஸ் டிராஃப்ட்டில் 125 கலோரி, ஆல்கஹால் 4.2 சதவீதம். சாதா பட்வைசரைவிட 20 கலோரி குறைவு. அந்தக் கருப்பு, வறுத்த பார்லியின் நிறம். மெத்தென்று இருப்பது நைட்ரஜன் வாயுவின் வேலை. கனமான பீர் வேண்டுமானால் ஹாப்ஸ் நிறையப் போட்டு வடிக்கும் ஐபிஏ வகையில் 7, 8 சதவீதக் கேன்களைப் பாருங்கள். நிறம் பொன்னாகத்தான் இருக்கும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். நீங்கள் எப்போதும் 4.2 என்கிறீர்கள், இங்கே கூர்ஸ் லைட்டில் 4 என்று இருக்கிறதே?
— வாசகர், ஸ்கார்பரோ

உங்கள் ஊரில் அப்படித்தான், 4-தான் வழக்கம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் லைட் என்று வாங்கினால் பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள் இருக்கும். அங்கே ஆல்கஹாலைக் குறைத்ததற்குத்தான் அந்தப் பெயர். கார்போஹைட்ரேட் குறைத்த பீரை லோ கார்ப் என்று தனியாக விற்கிறார்கள். எந்த ஊரானாலும் சதவீதத்தைப் படியுங்கள்.

கேள்வி: சென்னையில் வாங்கும் பாட்டிலில் கலோரிக் கணக்கே காணோம். நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், குரோம்பேட்டை

மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, வருவதை 0.055-ஆல் பெருக்குங்கள். ஆல்கஹால் கலோரி வந்துவிடும். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் 179. அதோடு கார்போஹைட்ரேட் பங்காக ஏறக்குறைய 80, 90 சேர்த்தால் 260, 270 பக்கம் நிற்கும். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் ஆல்கஹால் மட்டுமே 286. கார்போஹைட்ரேட்டையும் சேர்த்தால் மில்லர் லைட் கேன் நான்குக்குப் பக்கத்தில் வரும். அங்கே பீர் என்றாலே ஸ்ட்ராங்கைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். நீங்கள் 5 சதவீதத்துக்கு மாறினாலே, லைட் என்று போடாத லைட் பீர் கிடைத்த மாதிரிதான்.

கேள்வி: லைட் பீர்தானே, மூன்று நாலு குடித்துவிட்டு நிதானமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார் என் கணவர். சொன்னால் கோபம் வருகிறது.
— வாசகி, பீனிக்ஸ்

அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள் தங்கச்சி. சாதா கேனில் 14 கிராம் ஆல்கஹால், லைட் கேனில் 11.8. ஆறு லைட்டும் ஐந்து சாதாவும் ஒன்றுதான். வித்தியாசம் அவ்வளவே. உடம்பு ஒரு கேனைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். காப்பியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வரம்பு, யூட்டாவில் 0.05. வரம்புக்குக் கீழே இருந்தாலும் தடுமாறினால் பிடிப்பார்கள். விசாவில் இருப்பவர் என்றால் இன்னும் கவனம். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யத் தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு. கோபப்படட்டும். சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு யூரிக் அமிலம் அதிகம். லைட் பீர் பரவாயில்லையா?
— வாசகி, சான் ஹோசே

வேண்டாம். பீரில் பியூரின் இருக்கிறது, உடம்பில் அது யூரிக் அமிலமாக மாறும், ஆல்கஹால் வேறு யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஒயின், விஸ்கி வகைகளைவிடப் பீர்தான் யூரிக் அமிலம் மூட்டில் சேர்ந்து வரும் கவுட் வாதத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது. லைட் என்பதால் விலக்கு இல்லை.

கேள்வி: விருந்து முடிந்து லைட் பீர் நிறைய மிஞ்சிவிட்டது. யாரும் குடிக்கப்போவதில்லை. சமையலில் சேர்க்கலாமா?
— வாசகி, டிராய், மிச்சிகன்

மீன் வறுங்கள். விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் ஃபிஷ் ஃப்ரை. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாத வழக்கத்திலிருந்து வந்தது. பனிமய மாதா கோயில் பக்கம் வளர்ந்த எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தவக்காலத்தில் எங்கள் தெருவும் அப்படித்தான் மணக்கும்.

ஒரு கப் மைதா, இரண்டு கரண்டி அரிசி மாவு, உப்பு, மிளகாய்த்தூள், துளி மஞ்சள். அதில் நன்றாகக் குளிர்ந்த லைட் பீர் ஒரு கப் ஊற்றி, நீர்த்த தோசை மாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். கட்டி நின்றாலும் அடித்துக் கலக்காதீர்கள், வாயு போய்விடும். காட் மீன் துண்டுகளை ஈரம் துடைத்து, உலர்ந்த மைதாவில் புரட்டி, மாவில் முக்கி, 190 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் பொரியுங்கள். லைட் பீரில் கசப்பு கம்மி என்பதால் இதற்கு அதுதான் சரி. ஐபிஏ ஊற்றினால் மீன் கசக்கும். பொரிவதில் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று நம்ப வேண்டாம், கொஞ்சம் தங்கும். அதனால் பிள்ளைகளுக்கும் குடி தொடாதவர்களுக்கும் தனியாக, அதே அளவு குளிர்ந்த சோடா ஊற்றிக் கலக்குங்கள். மொறுமொறுப்பில் வித்தியாசம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.